சூடானுக்கு ஒரு போஸ்டர்: எதை வரைவது, எதை விடுவது? (டர்பன், தென்னாப்பிரிக்கா)

உம்கேனி_கோடு · வியாழன், இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் இருக்கும் சூடான் குடும்பங்களோடு சேர்ந்து எங்கள் ஏரியா இளைஞர்கள் ஒரு மாலை நிகழ்ச்சி வைக்கிறார்கள். கொஞ்சம் பேச்சு, சாப்பாடு, நிதி திரட்டல். போஸ்டர் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் கிராஃபிக் டிசைனர்தான், ஆனால் பிழைப்புக்குச் செய்வது சூப்பர்மார்க்கெட் தள்ளுபடி நோட்டீஸ். யுத்தத்துக்குப் போஸ்டர் போட்டுப் பழக்கமில்லை.

சில வரைவுகள் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் உயர்த்திய முஷ்டி. இன்னொன்றில் முள்கம்பி மேல் புறா. மற்றொன்றில் சூடானின் அல்-ஃபாஷிர் நகரத்திலிருந்து குழந்தையோடு ஓடிவரும் ஒரு தாயின் செய்திப் படம், அதன்மேல் சிவப்புப் பூச்சு. எல்லாமே ஏற்கெனவே எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கின்றன. 80களில் நிறவெறி ஆட்சியை எதிர்த்து இங்கே போஸ்டர் அடித்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று தெரியும். வழி சொல்லுங்கள்.

வாரிக்_கடைக்காரர் · வியாழன், இரவு 9:02

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே அம்மா. போஸ்டர் ஒட்டினால் சண்டை நிற்குமா?

2019 ஜூன் 3ஆம் தேதி கர்தூமில் ராணுவத் தலைமையகத்து முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைச் சுட்டார்கள். அதில் செத்த ஒரு பையன் நினைவாக உலகமே புரொஃபைல் படத்தை நீலமாக்கிக்கொண்டது. என் மகளும் மாற்றினாள். கூடவே "இந்தப் பதிவைப் பகிர்ந்தால் சூடானுக்குச் சாப்பாடு போகும்" என்று இன்ஸ்டாகிராம் கணக்குகள் கிளம்பின. சாப்பாடு போனதற்கு ஆதாரம் கேட்டபோது ஒன்றையும் காட்டவில்லை. லட்சக்கணக்கில் ஆள் சேர்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

நம்ம அரசாங்கம் மட்டும் என்ன? 2015 ஜூனில் அப்போதைய சூடான் அதிபர் அல்-பஷீர் ஆப்பிரிக்க ஒன்றிய மாநாட்டுக்கு ஜோகன்னஸ்பர்க் வந்தார். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடிவாரன்ட் அவர் மேல் இருந்தது. விமானம் ஏற விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் நம் மேல்முறையீட்டு நீதிமன்றமே அது சட்டவிரோதம் என்று சொன்னது. இதற்கெல்லாம் புறாப் படம் என்ன செய்யும்?

கேப்_நூலகம் · வியாழன், இரவு 10:15

போஸ்டரால் ஒன்றும் ஆகாது என்று நம் பழைய நிறவெறி ராணுவம் நினைக்கவில்லை, அண்ணா.

1970களின் கடைசியில் போட்ஸ்வானா தலைநகர் கபரோனியில் மெடு ஆர்ட் என்செம்பிள் என்று ஒரு குழு கூடியது. பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறியவர்கள். எழுத்து, நாடகம், இசை, கிராஃபிக்ஸ் என்று தனித்தனிப் பிரிவுகள். அச்சிட்ட போஸ்டர்கள் மறைத்துவைத்து எல்லை தாண்டி உள்ளே வரும். 1982 ஜூலையில் அங்கே நடந்த பண்பாட்டு மாநாட்டுக்கு இங்கிருந்தே ஏராளமான பேர் போனார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறைகளுக்குத் தோள்கொடுத்தார்கள். நிறவெறியை எதிர்த்த யூடிஎஃப் (ஐக்கிய ஜனநாயக முன்னணி) காலத்துச் சுவரெல்லாம் அந்தப் பட்டறைகளின் வேலை.

1985 ஜூன் 14 விடியுமுன் ராணுவம் எல்லை தாண்டிப் போய் கபரோனியில் 12 பேரைக் கொன்றது. அதில் ஒருவர் தாமி முன்யேலே. அலெக்ஸாண்ட்ராவில் பிறந்தவர், மெடுவின் முக்கிய ஓவியர். அவர் படங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அத்தோடு மெடு முடிந்தது.

உம்கேனி, உனக்கு உபயோகமானது இதுதான். மெடு போஸ்டரை ஒருவர் வரைவார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். "இதைத் தெருவில் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்" என்பதுதான் கேள்வி. ஜூடி சைட்மன் 1981இல் செய்த பெண்கள் போஸ்டரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெண்ணைத் தொட்டால் பாறையில் மோதியது போல என்று அதில் வரும் வாசகம் அவர் உட்கார்ந்து யோசித்ததல்ல. 1956 ஆகஸ்ட் 9 அன்று, கறுப்பர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவில் திரண்ட பெண்களின் வாயிலிருந்து வந்தது. உன் வரைவுகளில் சூடான்காரர் பேசிய ஒரு சொல்லாவது இருக்கிறதா?

வாரிக்_கடைக்காரர் · வியாழன், இரவு 10:31

முன்யேலே எம்கே ஆள், அதாவது ஏஎன்சி கட்சியின் ஆயுதப் பிரிவு. ஆயுதப் பயிற்சி எடுத்தவர். போஸ்டருக்காகக் கொன்றார்கள் என்று சொல்வது கொஞ்சம் இழுவை.

கேப்_நூலகம் · வியாழன், இரவு 10:44

எம்கே ஆள்தான், மறுக்கவில்லை. அவர் ஓவியத்தையும் ஆயுதத்தையும் பிரித்துப் பார்த்தவரில்லை. எனக்குப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உம்கேனி யாரிடமும் துப்பாக்கி கேட்கவில்லை. ஆனால் ஆளைக் கொன்ற பிறகும் காகிதத்தை எடுத்துப் போனார்களே, அது ஏன்?

சாட்ஸ்வொர்த்_தாத்தா · வெள்ளி, காலை 5:50

நடுராத்திரியில் சண்டை போட்டிருக்கிறீர்கள். நான் பெரிய ஓவியன் இல்லை, அச்சுக்கடையில் வேலை பார்த்தவன். கண்ணு, உனக்குச் செய்முறை சொல்கிறேன்.

1984இல் முத்தரப்புப் பாராளுமன்றம் என்று கொண்டுவந்து இந்தியருக்கும் ஒரு சபை என்றார்கள். ஆகஸ்ட் 28 ஓட்டு. நேட்டால் இந்தியக் காங்கிரஸ் "போடாதே" என்றது. எங்கள் காராஜில் ராத்திரி முழுக்க அடித்தோம். மரச்சட்டத்தில் ஆர்கண்டித் துணியை இழுத்துக் கட்டுவோம், ஆணி அடித்து. அந்தத் துணி பெண்டாட்டியின் திரைச்சீலை, அதற்கு வாங்கிய திட்டு தனி. எழுத்தைக் காகிதத்தில் கத்தியால் வெட்டித் துணிக்கடியில் வைத்து, மேலே இங்க் ஊற்றி, ரப்பர் பட்டை வைத்த கட்டையால் ஒரே இழுப்பு. ஸ்க்வீஜி என்பீர்கள். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். அப்புறம் துணிக்கொடியில் க்ளிப் போட்டு உலர்த்துவது. கேக் மாவு காய்ச்சிப் பசை, அதிலே கொஞ்சம் உப்பு.

ஒரு கலர், மிஞ்சினால் இரண்டு. ஒவ்வொரு கலருக்கும் தனிச் சட்டம், இரண்டாவது கலர் நூலளவு நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும். பணமில்லாததால்தான் எங்கள் போஸ்டரெல்லாம் கறுப்பும் சிவப்புமாய் இருந்தன. இன்றைக்கு அதைக் கண்காட்சியில் தொங்கவிட்டு "எளிமை" என்கிறார்கள். எளிமையும் இல்லை, ஒன்றும் இல்லை, அடுத்த டின் வாங்கக் காசில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும்போது நகக்கண்ணில் இங்க் இருந்தால் வம்பு. பாரஃபின், அதாவது மண்ணெண்ணெய், போட்டுத் தேய்ப்போம், அந்த வாடை வேறே காட்டிக்கொடுக்கும்.

கடைக்காரத் தம்பிக்கு: பதிவு செய்த இந்திய வாக்காளரில் ஐந்தில் ஒருவர்தான் அன்றைக்கு ஓட்டுப் போட்டார். வீடு வீடாய்ப் போய்க் கதவு தட்டியதால் வந்தது அது, போஸ்டரால் அல்ல. ஆனால் கதவைத் தட்டும்போது "தெருமுனையில் பார்த்தோம், உள்ளே வாங்க" என்பார்கள். அந்தத் தெருமுனைதான் போஸ்டர்.

மயிலை_டு_சாண்டன் · வெள்ளி, காலை 8:20

தாத்தா, வேற லெவல். விளம்பரக் கம்பெனியில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒன்று. முஷ்டி பழசு என்று உம்கேனி தூக்கிப் போட வேண்டாம். 1937இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் நடக்கும்போது ஓவியர் ஹோவான் மிரோ குடியரசுப் பக்கத்துக்கு உதவி கேட்டு ஒரு படம் செய்தார். அதிலும் முஷ்டிதான். ஆனால் அந்தக் கட்டலான் விவசாயியின் கை அவன் உடம்பைவிட வீங்கி நிற்கும், பார்த்தால் வலிக்கும். முதலில் ஒரு பிராங்க் அஞ்சல் தலைக்காக வரைந்தது, பிறகு ஸ்டென்சில் அச்சாக வந்தது. "1 பிராங்க்" என்பது படத்திலேயே பெரிதாக இருக்கும். பார்ப்பவன் என்ன தர வேண்டும் என்பதை மூலையில் சின்ன எழுத்தில் ஒளித்துவைக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனி. அரபி எழுத்தைப் போடுவதாக இருந்தால் சாஃப்ட்வேரில் அரபி செட்டிங் இருக்கிறதா பார். இல்லையென்றால் எழுத்தெல்லாம் ஒட்டாமல் தனித்தனியாக, இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கும். நம் ஊர் பேனரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறதே, அதைவிட மோசம். விமான நிலையப் பலகையில்கூட இந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன்.

நல்லூர்_ஜோபர்க் · வெள்ளி, மதியம் 12:35

தங்கச்சி, மூண்டாவது வரைவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. அந்தத் தாயின்ர படம்.

நான் 2009இல லண்டனில இருந்தனான். பாராளுமன்றச் சதுக்கத்தில நாங்கள் பிடிச்ச பதாகைகள் எல்லாத்திலயும் செத்த பிள்ளையளின்ர படம். வன்னிக்குள்ள பத்திரிகைக்காரரை விடேல்லை. ஆஸ்பத்திரியில இருந்து வந்த படம்தான் எங்கட கையில இருந்த ஒரே சாட்சி. அதாலதான் பிடிச்சம். பக்கத்தால போற வெள்ளைக்காரர் குனிஞ்சுகொண்டு போவினம். சிலர் வந்து கையெழுத்துப் போட்டவை, இல்லையெண்டு சொல்லேல்லை.

பிறகு ஒருநாள் ஒரு தாய் வந்து, அந்தப் படத்தில இருக்கிறது தன்ர மச்சாளின்ர பிள்ளை எண்டு சொன்னா. அழேல்லை. "கொஞ்சம் சின்னனாப் போட்டிருக்கலாமே" எண்டு மட்டும் கேட்டா. நான் மேல ஒண்டும் எழுதேல்லை. நீ அந்தத் தாயிட்டக் கேட்டனியா?

மயிலை_டு_சாண்டன் · வெள்ளி, மதியம் 1:10

அண்ணா சொல்வது புரிகிறது. ஆனால் படத்தை எடுத்துவிட்டால் சில போஸ்டரே இல்லை. வியட்நாமில் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச்சில் நடந்த கொலையை ராணுவப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி எடுத்திருந்தார். அடுத்த வருஷம் நியூயார்க்கில் ஆர்ட் வொர்க்கர்ஸ் கோலிஷன் அதைப் போஸ்டராக்கியது. பாதையில் கிடக்கும் உடல்கள், மேலே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியிலிருந்து ஒரு கேள்வியும் பதிலும்: "குழந்தைகளையுமா?" "குழந்தைகளையும்." நவீன கலை அருங்காட்சியகம் முதலில் கூட நிற்பதாகச் சொல்லிப் பின்வாங்கியது. அச்சுத் தொழிலாளர் சங்கம் 50,000 பிரதி அடித்துக் கொடுத்தது. அதில் சின்னதாகப் போடு என்று யார் சொல்ல முடியும்?

கேப்_நூலகம் · வெள்ளி, மாலை 4:48

அந்தப் போஸ்டர் ஒட்டப்பட்டது சுட்டவர்களின் சொந்த ஊரில். அதைப் பார்த்தவர் கட்டிய வரியில் வாங்கிய துப்பாக்கி. அங்கே அது குற்றப்பத்திரிகை. அதே படத்தை டர்பனில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் வைத்தால் பார்ப்பவருக்குக் கிடைப்பது பரிதாபம் மட்டும், அல்லது "ஆப்பிரிக்காவில் இதெல்லாம் நடப்பதுதானே" என்ற பழைய எண்ணம். நாமே ஆப்பிரிக்காவில் இருந்துகொண்டு அப்படி நினைப்பவர்கள் உண்டு, தெரியும்தானே.

படத்துக்குள் இருப்பவர் உயிரோடு இருந்தால் இன்னும் சிக்கல். 1976 ஜூன் 16 சோவெட்டோவில் சாம் ந்ஸிமா எடுத்த படம் உலகத்தில் எத்தனை போஸ்டரானது! போலீஸ் சுட்ட மாணவன் ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடிய முபுயிசா மகூபோவைப் போலீஸ் தேடித் தொல்லை கொடுத்தது. நாட்டை விட்டு ஓடினார், நைஜீரியாவிலிருந்து தாய்க்கு வந்த கடிதத்தோடு தடயம் நின்றது. ந்ஸிமாவும் வேலையை விட்டு ஊருக்குப் போக வேண்டி வந்தது. தன் படத்தின் உரிமை அவர் கைக்கு வந்ததே 1998இல்தான்.

அல்-ஃபாஷிரை 2024 மேயிலிருந்து முற்றுகையிட்டு, 2025 அக்டோபரில் ராணுவத்தோடு போரிடும் துணைப்படையான ஆர்எஸ்எஃப் பிடித்தது. அங்கிருந்து ஓடிய ஒரு பெண்ணின் முகம், அவளுக்குத் தெரியாமல், நம் தெருவில். அவள் குடும்பத்தில் யாராவது இன்னும் உள்ளே இருந்தால்?

நல்லூர்_ஜோபர்க் · வெள்ளி, மாலை 5:20

நூலகம் சொல்லுறதில பாதியைத்தான் ஏற்பன். லண்டன் எங்களைச் சுட்ட ஊர் இல்லை. ஆனா எங்களுக்குப் போக வேற தெரு இருக்கேல்லை. "பரிதாபம் மட்டும்தான் கிடைக்கும்" எண்டு வெளியில இருந்து சொல்லுறது லேசு. சில நேரம் பரிதாபமும் வேணும். அதை யார் கேக்கினம் எண்டதுதான் விஷயம். நாங்கள் எங்கட பிள்ளையளின்ர படத்தைப் பிடிச்சம். உம்கேனி பிடிக்கப் போறது ஆரின்ர பிள்ளை?

நெறியாளர் · வெள்ளி, மாலை 6:05

இடையில் வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். எந்தப் பக்கம் யாருக்கு ஆயுதம் கொடுக்கிறது என்ற சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே போஸ்டர்.

உம்கேனி_கோடு · சனி, மாலை 7:30

எல்லாவற்றையும் படித்தேன். நிகழ்ச்சியில் சமைக்கப் போகும் சூடான் அக்கா ஒருவர் வீட்டுக்கு இன்று போய் வந்தேன். பெயர் போட வேண்டாம் என்றார்.

வரைவுகளை டேப்லட்டில் காட்டினேன். புறாவைப் பார்த்துச் சிரித்தார். தாயின் படத்தை விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். ஓம்துர்மானில் ஒரு தெருச் சமையல். பெரிய அண்டா, விறகு, வரிசையில் பாத்திரத்தோடு பிள்ளைகள். 2023 ஏப்ரல் 15இல் ராணுவமும் ஆர்எஸ்எஃப்பும் சண்டையைத் தொடங்கிய பிறகு அரசாங்கம் என்று ஒன்றும் இல்லாத இடங்களில் அந்தந்தத் தெரு இளைஞர்களே அவசர உதவி அறைகள் என்று தொடங்கி இப்படிச் சமைத்துப் போடுகிறார்கள். 2019 புரட்சிக்குத் தெருவில் இறங்கிய அதே குழுக்கள் பல. ஒரு கோடிக்கும் மேலானவர்கள் வீட்டை விட்டு ஓடிய நாட்டில் இன்னும் அடுப்பு எரிவது இவர்களால்தான் என்றார். 2025இல் நார்வேயின் ராஃப்டோ பரிசு இவர்களுக்குத்தான் கிடைத்தது.

"எங்களைச் சாகிறவர்களாகப் போடாதே, சமைக்கிறவர்களாகப் போடு" என்றார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

புது வரைவு: ஒரே ஒரு பெரிய கறுப்பு அண்டா, பக்கத்தை நிறைத்து. அண்டாவின் வயிற்றில் வெள்ளையாக ஊர்ப் பெயர்கள்: கர்தூம், ஓம்துர்மான், அல்-ஃபாஷிர், எல்-ஜெனெய்னா, வாத் மதானி. அரபியிலும் இங்கிலீஷிலும். கீழே ஐசிஸூலுவில் (ஜூலு மொழி) ஒரு வரி, நிகழ்ச்சி விவரம். பின்னணி நீலம், 2019 நினைவாக. தமிழ் போடலாமா வேண்டாமா தெரியவில்லை.

சாட்ஸ்வொர்த்_தாத்தா · சனி, இரவு 8:15

அண்டா நன்று. ஊர்ப் பெயர் ஐந்தும் அதிகம். ரோபோட்டில் (டிராஃபிக் விளக்கில்) நிற்கிற டாக்சிக்குள் இருக்கிறவன் பச்சை விழுவதற்குள் படிக்க வேண்டும். மூன்று போதும், அல்லது பெயர்களைச் சின்னதாக்கி அண்டாவைச் சுற்றி விளிம்பில் ஓட விடு. பெரிய எழுத்தில் ஒரே வரி.

தமிழ் போடு. கோயில் நோட்டீஸ் பலகையில் ஒட்டும்போது நம் கிழவிகள் யாருக்கோ உள்ள போஸ்டர் என்று நகர்ந்து போகக் கூடாது. எல்லாப் பிரதியிலும் வேண்டாம், கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் போவதில் மட்டும். கீழ்ப்பட்டையைத் தனிச் சட்டமாக வைத்தால் மொழி மாற்றி அடிக்கலாம்.

மயிலை_டு_சாண்டன் · சனி, இரவு 8:40

நீலத்தின்மேல் கறுப்பு தூரத்திலிருந்து இருட்டாகத் தெரியும். நீலத்தை வெளிறவிடு, அல்லது பின்னணியைக் காகிதத்தின் வெள்ளையாகவே விட்டுவிட்டு அண்டாவுக்குக் கீழே தீயை நீலமாக்கு. கேஸ் அடுப்புத் தீ நீலம்தானே! விறகுத் தீ நீலமாகாது என்று தெரியும், போஸ்டரில் ஆகலாம்.

உம்கேனி_கோடு · சனி, இரவு 8:52

நீலத் தீ! எடுத்துக்கொண்டேன்.

வாரிக்_கடைக்காரர் · ஞாயிறு, காலை 7:15

படம் பிடிக்கிறது. வேறொரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஊரில் 2008இலும் 2015இலும் வெளிநாட்டுக்காரர் கடைகளை என்ன செய்தார்கள் என்று நான் கண்ணால் பார்த்தவன். ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே எத்தனை பேரை உட்கார வைத்திருந்தேன் என்பது வேறு கதை. தெருக் கம்பத்தில் "சூடான் குடும்பங்கள் இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் கூடுகிறார்கள்" என்று விலாசத்தோடு எழுதித் தொங்கவிடாதே. கம்பத்துக்கு நகராட்சி அனுமதியும் வைப்புத் தொகையும் வேறே வேண்டும். வெளியே ஒட்டுவதில் போன் நம்பர் மட்டும் போடு, அதுவும் உங்கள் குழுவுடையதை, அந்த அக்காவுடையதை அல்ல. விலாசம் கோயிலுக்குள்ளும் மசூதிக்குள்ளும் வைப்பதில் மட்டும் இருக்கட்டும்.

கேப்_நூலகம் · ஞாயிறு, காலை 9:30

இதை நான் யோசிக்கவே மாட்டேன். சரியான வார்த்தை.

சாட்ஸ்வொர்த்_தாத்தா · ஞாயிறு, காலை 10:05

சரி, வேலைக்கு வருவோம். 77டி மெஷ் (சென்டிமீட்டருக்கு 77 இழை) துணி கட்டிய சட்டம் என்னிடம் இரண்டு இருக்கிறது, பேரன் டி-ஷர்ட் அடிக்க வாங்கிப் போட்டது... இல்லை, அவனுடையது 43டி, அது காகிதத்துக்கு இங்க்கை அள்ளிக் கொட்டும். 77டிதான் வேண்டும். தண்ணீர் இங்க் வாங்கு, காராஜில் இப்போது பாரஃபின் வாடை எனக்கு ஆகாது. காகிதம் மெல்லிசாக இருந்தால் தண்ணீர் இங்க்கில் சுருளும், தடிமனாகப் பார்த்து எடு. கறுப்பைக் கடைசியில் அடி, முதலில் நீலம். இரண்டும் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி வரை, நகர்ந்தாலும் வெள்ளை இடுக்கு தெரியாது.

நல்லூர்_ஜோபர்க் · ஞாயிறு, காலை 11:40

ஃபைலையும் இங்க போடு தங்கச்சி. ஜோபர்க்கில ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் நான் அடிச்சு ஒட்டுறன். உன்ர பேரைப் போடவோ?

உம்கேனி_கோடு · ஞாயிறு, மதியம் 12:02

என் பெயர் வேண்டாம் அண்ணா. சமைப்பவர்கள் பெயரே இல்லாமல் சமைக்கிறார்கள். கோப்பு இன்று ராத்திரி ஏற்றுகிறேன், கீழ்ப்பட்டை காலியாக இருக்கும், உங்கள் ஊர் விவரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அரபி வரியை அக்கா ஒருமுறை பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஏற்றுவேன்.

வாரிக்_கடைக்காரர் · ஞாயிறு, மதியம் 12:30

கடைக் கண்ணாடியில் ஒன்று ஒட்டிக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை. நிகழ்ச்சி முடிந்த அடுத்த வாரம் அதே இடத்தில் இன்னொரு தாள் வேண்டும்: எவ்வளவு சேர்ந்தது, எந்தச் சமையலறைக்கு, யார் வழியாகப் போனது. ரசீதோடு. அந்தத் தாள் வராவிட்டால் அண்டாவையும் கிழித்துவிடுவேன்.

உம்கேனி_கோடு · ஞாயிறு, மதியம் 12:34

சரி மாமா, வரும். கண்ணாடிக்கு ஏ2 வேணுமா, ஏ3 போதுமா?

வாரிக்_கடைக்காரர் · ஞாயிறு, மதியம் 12:41

ஏ3. அதைவிடப் பெரிதென்றால் ஏர்டைம் விலைப் பட்டியல் மறைந்துவிடும்.